குளவிக் கூட்டில் யார் ராணி?

தங்கவயல் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் குளவிக்கூடு புதிய சங்கதி அல்ல. சாம்பியன் ரீஃப் ஆனாலும் சரி, மாரிக்குப்பம் ஆனாலும் சரி, இறவாணத்துக்கு அடியிலோ ஜன்னல் மூலையிலோ, சாம்பல் நிறக் காகிதத்தில் செய்த தாமரைக்காய் மாதிரி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் செம்பழுப்பு நிறத்தில், வயிற்றில் ஒரு மஞ்சள் கீற்றோடு, பத்திருபது குளவிகள் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன்மேல் கல் எறிவதுதான் எங்கள் வேலை. "அது பாட்டுக்கு இருக்குது, நீ ஏன்டா வம்புக்குப் போற? கொட்டினா மூஞ்சி வீங்கிடும்" என்று அம்மா கத்துவார்கள். நைட் ஷிப்டு முடிந்து தூங்கும் அப்பா எழுந்துவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு.

அந்தக் கூட்டுக்குள் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. யார் முட்டையிடுவது, யார் உழைப்பது என்கிற வழக்கு. இதைப் பற்றி எழுதத் தூண்டியது வேறொரு நினைவு. என் இளமையில், ஊரில் நடந்த ஒரு விழாவில் பேசிய பெரியவர் ஒருவர் சொன்னார்: "தேனீயைப் பாருங்கள். ராணி ராணிதான், வேலைக்காரி வேலைக்காரிதான். பிறப்பிலேயே கடவுள் வகுத்தது. அதனால்தான் அங்கே சண்டையே கிடையாது." கூட்டம் கைதட்டியது. சுரங்கத்தில் இறங்குகிறவர்களின் பிள்ளைகளான நாங்களும் கைதட்டினோம். வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட மக்கள்தான் இங்கே பாதாளத்தில் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சின் பொருள் என்ன என்று அன்று யோசிக்கவில்லை. பிற்காலத்தில் படித்துப் பார்த்தபோது, அவர் சொன்ன இரண்டுமே தவறு என்று தெரிந்தது. பிறப்பில் வகுத்தது என்பதும் தவறு. சண்டையே கிடையாது என்பதும் தவறு. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டார்வினின் சங்கடம்

உயிர்கள் எல்லாம் தன் சந்ததியைப் பெருக்கப் போட்டியிடுகின்றன, அதில் வென்ற குணங்களே நிலைக்கின்றன என்பது டார்வின் கொள்கை. அப்படியானால் பிள்ளையே பெறாமல் அடுத்தவள் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கச் சோறூட்டும் எறும்பும் தேனீயும் எப்படி வந்தன? பிள்ளை இல்லாதவளின் குணம் அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகும்? 1859-இல் வெளிவந்த தம் நூலிலேயே டார்வின் இதைத் தம் கொள்கைக்கு வந்த தனிப்பெரும் சிக்கல் என்று ஒப்புக்கொண்டார். குடும்பம் மொத்தமும் சேர்ந்து பலன் அடைகிறது என்று அவர் ஒரு விடையும் சொன்னார். ஆனால் கணக்குப் போட்டுக் காட்ட அன்று மரபியல் வளர்ந்திருக்கவில்லை.

கணக்கின் சாயலை முதலில் தொட்டவர்களில் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிரிட்டனில் பிறந்து, 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து, கல்கத்தாவிலும் பிறகு புவனேஸ்வரத்திலும் ஆய்வு நடத்தி, 1964-இல் இந்திய மண்ணிலேயே மறைந்தவர். தண்ணீரில் மூழ்கும் சகோதரனுக்காக உயிர் கொடுப்பீரா என்று கேட்டதற்கு, ஒருவனுக்காக மாட்டேன், இரண்டு சகோதரர் அல்லது எட்டு ஒன்றுவிட்ட சகோதரர் என்றால் கொடுப்பேன் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. வேடிக்கைக்குள் கணக்கு இருக்கிறது. உடன்பிறந்தவனிடம் என் மரபணுவில் பாதி இருக்கிறது. சித்தப்பா பிள்ளையிடம் எட்டில் ஒரு பங்கு. அவர் மறைந்த அதே 1964-இல் டபிள்யூ.டி. ஹாமில்டன் என்ற இளைஞர் இதை முழுக் கணக்காகவே எழுதி வெளியிட்டார். சொந்தப் பிள்ளை மூலமாகத்தான் என்றில்லை, உறவினர் பிள்ளை மூலமாகவும் என் மரபணு அடுத்த தலைமுறைக்குப் போகலாம். கொடுக்கும் விலையைவிட, உறவின் பங்கால் பெருக்கிப் பார்த்த பிறகும் பலன் அதிகமாக இருந்தால், தியாகமும் நிலைக்கும்.

முக்கால், அரை, கால், அரைக்கால்

நம் பாட்டன் காலத்துத் திண்ணைப் பள்ளியில் கீழ்வாய் இலக்கம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிது. தேனீ, எறும்பு, குளவி ஆகிய மூன்றிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. கருவுற்ற முட்டையிலிருந்து பெண் பிறக்கும். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும். ஆணுக்குத் தந்தையே கிடையாது! தாயிடமிருந்து வந்த ஒற்றைத் தொகுதி மரபணுதான் அவனிடம் உண்டு. அதனால் அவன் தன் மகள்கள் எல்லாருக்கும் அதையே அப்படியே கொடுக்கிறான்.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்த இரண்டு சகோதரிகளுக்குள் உறவு முக்கால் பங்கு. தன் சொந்த மகளோடும் மகனோடும் உறவு அரைதான். தம்பியோடு கால். அப்படியென்றால் மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம் என்று ஆகிறது. கேட்பதற்கு அழகான விடை. ஆனால் இதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

ஏனென்றால் இதே கணக்கு சண்டைக்கும் வித்தாகிறது. வேலைக்காரத் தேனீ ஆணோடு சேராது. ஆனாலும் அதற்குக் கருவகம் உண்டு. கருவுறாத முட்டை இட முடியும். அதிலிருந்து மகன் பிறப்பான். மகனோடு உறவு அரை. ராணி பெறும் தம்பியோடு வெறும் கால். அப்படியிருக்க, ராணி மகனை எதற்கு வளர்க்க வேண்டும், என் மகனையே வளர்க்கிறேன் என்று ஒவ்வொரு வேலைக்காரியும் கிளம்பினால் கூடு என்ன ஆகும்?

தேன்கூட்டுப் போலீஸ்

கிளம்பத்தான் செய்கிறார்கள். ஆனால் மாட்டிக்கொள்கிறார்கள். பிரான்சிஸ் ராட்னிக்ஸ், கிர்க் விஷர் ஆகிய இருவரும் 1989-இல் இதை நிரூபித்தார்கள். ஐரோப்பியத் தேனீயின் அடையில், ராணி இட்ட முட்டைகளையும் வேலைக்காரிகள் இட்ட முட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மற்ற வேலைக்காரிகள் வந்து மோந்து பார்த்து, ராணியின் முட்டைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, தன் சகோதரிகளின் முட்டைகளைத் தின்று தீர்த்தன. கூட்டில் இடப்படும் ஆண் முட்டைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு வேலைக்காரிகள் இட்டவை. ஆனால் வளர்ந்து வெளிவரும் ஆண்களில் வேலைக்காரியின் மகன் ஆயிரத்துக்கு ஒருவன்தான். அவ்வளவு கண்காணிப்பு!

அக்காளே தங்கையின் முட்டையை ஏன் தின்ன வேண்டும்? மறுபடியும் கணக்குதான். தேனீ ராணி ஒரே ஆணோடு சேர்வதில்லை. பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறாள். அதனால் கூட்டிலுள்ள சகோதரிகளில் பெரும்பாலோர் தாய் ஒன்று, தந்தை வேறு. அப்படிப்பட்ட சகோதரியின் மகனோடு எனக்கு உறவு அரைக்கால்தான். ராணியின் மகனோடு கால். ஆகவே தன் மகன் என்றால் சரி, ராணியின் மகன் என்றாலும் போகட்டும், பக்கத்துக்காரியின் மகன் மட்டும் வேண்டாம் என்று ஒவ்வொருத்தியும் நினைக்கிறாள். எல்லாரும் எல்லாரையும் தடுக்கிறார்கள். கடைசியில் ராணியின் மகன்கள்தான் மிஞ்சுகிறார்கள். நம் பக்கத்துப் புதர்களில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீயிலும் இதே கண்காணிப்பு உண்டு என்று பிற்பாடு கண்டார்கள்.

ராணி ஒரே ஆணோடு சேரும் இனங்களில் கணக்கு மாறுகிறது. அங்கே சகோதரி மகன் காலே அரைக்கால், தம்பி கால்தான். ஆகவே சகோதரியின் முட்டையைத் தின்ன வேலைக்காரிக்குக் காரணம் இல்லை. இமயமலைப் பக்கம் வாழும் உரோமம் நிறைந்த பம்பிள் தேனீக் கூட்டங்களில், பருவத்தின் கடைசியில் வேலைக்காரிகள் வெளிப்படையாகவே முட்டையிடத் தொடங்குகிறார்கள். ராணி அவற்றைத் தின்கிறாள். அவர்கள் ராணியின் முட்டைகளைத் தின்கிறார்கள். சண்டையே கிடையாது என்ற பெரியவர் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

பெங்களூர் ஜன்னலில் பிறந்த ஆராய்ச்சி

இனி நம் ஊர்க் குளவிக்கு வருவோம். தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் அதன் அறிவியல் பெயர் ரோபாலிடியா மார்ஜினேட்டா. இன்று உலகத்தில் இந்தத் துறையைப் படிக்கும் யாரும் இந்தப் பெயரைத் தெரியாமல் இருக்க முடியாது. காரணம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ராகவேந்திர கடக்கர். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் மாணவராக இருந்தபோது அங்கே ஜன்னல்களில் கூடு கட்டியிருந்த இந்தக் குளவிகளைப் பார்த்தே ஆர்வம் கொண்டார். படித்துப் பட்டம் பெற்றது மூலக்கூறு உயிரியலில். வாழ்நாளைக் கொடுத்தது குளவிக்கு. அந்த உழைப்பின் சாரம் 2001-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக வெளியீடாகப் புத்தகமாக வந்தது. நம் சுரங்கத்துக்குப் பூட்டுப் போட்டதும் அதே ஆண்டுதான். மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள், அந்த ஆராய்ச்சி நடந்த வளாகத்துக்கு வெகு அருகில் தினமும் போய்வருகிறார்கள்.

பெரிய கருவி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குளவிக்கும் முதுகில் வண்ணப் பொட்டு வைத்து அடையாளம் இடுவது, பிறகு மணிக்கணக்கில் உட்கார்ந்து யார் என்ன செய்கிறாள் என்று குறிப்பது. 1980-களின் தொடக்கத்தில் அவர் கண்டது: கூட்டில் மூன்று வகைப் பெண்கள். சும்மா உட்கார்ந்திருப்பவர்கள், சண்டைக்காரிகள், இரை தேடுபவர்கள். ராணி எந்த வகை? சண்டைக்காரியாகத்தான் இருப்பாள் என்று யாரும் நினைப்போம். இதே இனத்தின் பங்காளியான ரோபாலிடியா சயாத்திஃபார்மிஸில் அப்படித்தான், ராணி அதட்டி உருட்டி ஆள்கிறாள். ஆனால் நம் குளவியில் ராணி சும்மா உட்கார்ந்திருப்பவள்! யாரையும் அதட்டுவதில்லை, கடிப்பதில்லை. சாதுவிலும் சாது.

அப்படியானால் மற்றவர்கள் முட்டையிடாமல் எப்படி அடங்கியிருக்கிறார்கள்? வயிற்று நுனியில் உள்ள டூஃபூர் சுரப்பி என்ற சின்னச் சுரப்பியின் சுரப்பை ராணி கூட்டின்மேல் தேய்த்துக்கொண்டே போகிறாள். நான் இருக்கிறேன், நலமாக இருக்கிறேன், முட்டையிடுகிறேன் என்பதற்கு அந்த வாசனையே சாட்சி. தொட்டு உணரும் வாசனை அது, காற்றில் பரவுவதல்ல. வேலையை ஏவுவதும் ராணி இல்லை. கூட்டிலிருப்பவர்கள் இரை தேடுகிறவர்களைச் செல்லமாகவும் முரட்டுத்தனமாகவும் இடித்து, வீட்டில் பசி என்று உணர்த்துகிறார்கள். போர்மேன் இல்லாத ஷிப்டு!

அடுத்தது யார்?

ராணியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அரை மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேலைக்காரி திடீரென்று ஆவேசம் வந்தவள் மாதிரி எல்லாரையும் அடிக்கத் தொடங்குகிறாள். ராணியைத் திரும்ப வைத்தால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுகிறாள். வைக்காவிட்டால் ஒரு வாரம் போல ஆனதும் முட்டையிட்டு, அவளே ராணி ஆகிறாள். ஆனதும் அவளும் சாது ஆகிவிடுகிறாள். அந்த ஆவேசம் அவள் கருவகம் வேகமாக வளர உதவுகிறது என்று கருதுகிறார்கள்.

வியப்பு என்னவென்றால், ராணி இருக்கும்வரை அடுத்தவள் யார் என்று பார்ப்பவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அளவிலும் நடத்தையிலும் தனித்து நிற்பதில்லை. குளவிகளுக்காவது தெரியுமா? இதற்கு அனிந்திதா பத்ராவும் கடக்கரும் 2008-இல் ஒரு சாமர்த்தியமான சோதனையை வெளியிட்டார்கள்.

கூட்டை இரண்டாக வெட்டி நடுவில் கம்பிவலை வைத்தார்கள். குளவிகளைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டு பக்கமும் பிரித்தார்கள். ராணி ஒரு பக்கம். ராணி இல்லாத பக்கம் ஒருத்தி ஆவேசம் கொண்டு எழுந்தாள். இப்போது ராணியை இந்தப் பக்கமும் எழுந்தவளை அந்தப் பக்கமும் மாற்றினார்கள். அவள்தான் உண்மையான வாரிசு என்றால், அந்தப் பக்கத்தாரும் அவளை ஏற்க வேண்டும். சில கூடுகளில் ஏற்றார்கள். மற்றக் கூடுகளில் அவள் உடனே அடங்கிப்போய், அந்தப் பக்கத்திலிருந்தே வேறொருத்தி எழுந்தாள். ஏனென்றால் உண்மையான வாரிசு முதலில் ராணியோடு இருந்ததால் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். இந்த இரண்டாமவளை எந்தப் பக்கம் வைத்தாலும் எல்லாரும் ஏற்றார்கள். மூன்றாவதாக ஒருத்தி எழவே இல்லை. ஆக, அடுத்தவள் யார் என்பது குளவிகளுக்கு முன்கூட்டியே தெரியும், நமக்குத்தான் தெரியவில்லை!

2012-இல் அலோக் பாங்கும் கடக்கரும் இன்னொரு படி போனார்கள். ராணியை எடுத்து, அடுத்தவளையும் எடுத்து, இப்படியே தொடர்ந்து ஐந்து பேர்வரை பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒருத்திதான் எழுந்தாள். மற்றவர்கள் போட்டிக்கு வரவில்லை. ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரு வரிசை இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. வயதில் மூத்தவளுக்குச் சற்று முன்னிடம். ஆனால் வயது ஒன்றே முடிவு செய்வதில்லை.

பிறகு ஏன் தங்கியிருக்கிறார்கள்?

முக்கால் பங்கு உறவுக்காகவா? நம் குளவியில் அந்த விடை பலிக்கவில்லை. ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறாள். போதாதற்கு ராணிகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே வேலைக்காரி வளர்ப்பது தங்கையை மட்டுமல்ல. அக்காள் மகள், பெரியம்மா மகளின் பிள்ளை என்று தூரத்து உறவையும்தான். உறவுப் பங்கு அரைக்கும் கீழே போய்விடுகிறது. தனியாகப் போய்க் கூடு கட்டினால் சொந்த மகளே கிடைப்பாள். சிலர் அப்படிப் போகவும் செய்கிறார்கள்.

கடக்கர் 1990-இல் தந்த விடை குடும்பஸ்தர் யாருக்கும் புரியும். முட்டை குளவியாக வளர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிறது. தனியாகக் கூடு கட்டியவள் முப்பதாம் நாள் இறந்துபோனால், அத்தனை பிள்ளைகளும் பட்டினியில் சாகும். அவள் உழைப்பு முழுவதும் வீண். கூட்டத்தில் இருந்தவள் முப்பதாம் நாள் இறந்தால், மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முப்பது நாள் உழைப்புக்கு முப்பது நாள் பலன் நிச்சயம். சுரங்கத்தில் பாறை வெடித்துக் குடும்பத் தலைவன் போன வீடுகளில் பிள்ளைகளை லைன் மொத்தமும் சேர்ந்து வளர்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதோடு என்றாவது ஒருநாள் தானே ராணி ஆகலாம் என்ற வாய்ப்பும் இருக்கிறது.

மூளையைச் சுருக்கும் எறும்பு

நம் பக்கத்து இன்னொரு சான்று குதிக்கும் எறும்பு, ஹார்ப்பெக்னாதாஸ் சால்டேட்டர். மதராஸ் ராஜதானியில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1851-இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. ராணி செத்தால் வேலைக்காரிகள் உணர்கொம்புகளால் ஒருவரையொருவர் அடித்து வாரக்கணக்கில் பந்தயம் நடத்துவார்கள். வென்ற சிலர் முட்டையிடத் தொடங்குவார்கள். ஏழு மாத ஆயுள் நான்கு வருடம் வரை நீளும். மூளையோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அவர்களைப் பதவியிலிருந்து இறக்கினால் மூளை திரும்ப வளர்கிறது என்று 2021-இல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். முட்டையிடுவதும் உழைப்பதும் நிரந்தரமான பிறவிக் குணங்கள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெரியவருக்கு என் பதில்

தேனீயில் ராணி முட்டை என்றும் வேலைக்காரி முட்டை என்றும் தனித்தனியாக இல்லை. எந்தப் பெண் முட்டையும் ராணி ஆகலாம். குழந்தைப் பருவத்தில் ஊட்டும் உணவுதான் வேறுபடுத்துகிறது. நம் குளவியிலும் புழுவாக இருந்தபோது கிடைத்த ஊட்டத்துக்குப் பங்கு உண்டு. புதிதாகப் பிறந்த பெண் குளவிகளைத் தனித்தனிக் கூண்டில் வைத்து நன்றாக உணவு கொடுத்துப் பார்த்தபோது பாதிப் பேர்தான் முட்டையிட்டார்கள். ஆண்கள் மட்டும் என்ன? கூட்டில் ஒரு துரும்பும் எடுத்துப் போடாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். பெண்களை விலக்கி, வேண்டிய மட்டும் உணவு கொடுத்தபோது அவர்களும் புழுக்களுக்கு ஊட்டினார்கள் என்று 2006-இல் ருச்சிரா சென்னும் கடக்கரும் காட்டினார்கள். இயலாமை என்று நாம் நினைத்தது பாதி, வாய்ப்பு இல்லாமை.

ஆகவே பிறப்பிலே வகுத்தது என்ற வாதத்துக்குத் தேனீயைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாருங்கள், குளவியில் யாரும் ராணி ஆகலாம், ஆகவே நாமும் சமம் என்று நான் வாதாடினாலும் அதுவும் தப்புதான். குளவி சகோதரியின் முட்டையைத் தின்பதால் நாமும் தின்னலாமா? மனிதர் எப்படி வாழ வேண்டும் என்பதை மனிதர்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும். பண்டித அயோத்திதாசரின் நூல்களை சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை வைத்து அச்சிட்டுப் பரப்பிய நம் முன்னோர், பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதைப் புத்தரின் வழியில் நின்று சொன்னார்கள். அதற்கு அவர்களுக்குப் பூச்சியின் சாட்சி தேவைப்படவில்லை.

போன வருடம் ஊருக்குப் போனபோது பழைய லைன் வீட்டின் ஜன்னலில் ஒரு கூடு இருந்தது. பேத்தி கேட்டாள்: "தாத்தா, இதுல ராணி யாரு?" நானும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். "தெரியலம்மா. ரொம்ப சாதுவா ஒண்ணு ஓரமா உக்காந்திருக்குது பாரு, அதுவா இருக்கலாம்" என்றேன். அவள் கல் எடுக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டாள்.